அலமாரியில் ஒரு தூண்டில் கயிறு

பட்டுப் புடவை, வெள்ளிப் பாத்திரம், கம்பளிச் சட்டை, தையல் மிஷின் எல்லாவற்றையும் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியாயிற்று. இந்த வாரம் தூண்டில் கயிறு! "இது என்ன கூத்து? தூண்டில் கயிற்றைக் குளிப்பாட்டுவதற்கும் ஒரு பக்கமா?" என்று சில சகோதரிகள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. சைவக் குடும்பத்துச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டவும் தயாராகிவிட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மீனை எப்படிச் சமைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லப் போவதெல்லாம் ஒரு சாமானைச் சுத்தம் செய்யும் விஷயம். அதில் பட்டும் வருகிறது, ஸோப்பும் வருகிறது, ஒரு மாமியாரும் வருகிறார்.

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். இரண்டு வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய தூண்டில் கம்பும் இரண்டு ரீல்களும் மாமியாரின் அலமாரியில் இருக்கின்றன. ஒரு ரீலில் பிளாஸ்டிக் பூசிய பச்சை நிறக் கயிறு. இன்னொன்றில் வெகு பழைய பட்டுக் கயிறு. பச்சைக் கயிறு கறுத்துச் சுருண்டு கிடக்கிறது. பட்டுக் கயிறோ கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. 17 வயதுப் பேத்தி, "தாத்தா எனக்குக் கற்றுக் கொடுத்தாரே, அந்தத் தூண்டிலைக் கொடுங்கள்" என்கிறாள். மாமியாரோ யாரையும் தொட விடுவதில்லை. சகோதரியின் கேள்வி இது: "அத்தை ஊருக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து இரண்டு கயிற்றையும் வெந்நீரில் சலவைத் தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து அலசிவிடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?"

செய்யவே கூடாது! வெந்நீரும் கூடாது, சலவைத் தூளும் கூடாது, ஒரு ராத்திரியும் கூடாது. அத்தை ஊரில் இல்லாத சமயமும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் இது என்ன கயிறு என்று தெரிய வேண்டும். குளத்தங்கரையில் பையன்கள் மண்புழு கோத்துப் போடுகிறார்களே, அந்தத் தூண்டிலில் முள்ளும் ஈயக் குண்டும்தான் கனம். குண்டை வீசினால் நரம்பு அதன் பின்னாலேயே போகும். டிரவுட் தூண்டிலின் சங்கதி வேறு. இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, பார்ப்பதற்கு ஈயைப் போலவே செய்திருப்பார்கள். அந்தப் பொய் ஈக்குக் கனமே கிடையாது. ஊதினால் பறந்துவிடும். அதை எப்படி 40 அடி, 50 அடி தூரத்துக்கு வீசுவது? கயிற்றுக்கே கனம் கொடுத்துவிட்டார்கள். வண்டிக்காரன் சாட்டையைச் சுழற்றுகிற மாதிரி கயிற்றைப் பின்னாலும் முன்னாலும் வீசினால், அது காற்றில் நீண்டு விரிந்து, நுனியில் இருக்கும் ஈயைத் தண்ணீர் மேல் மெல்ல இறக்கிவிடும். ஆகவே இந்தத் தூண்டிலில் முக்கியமான அங்கம் முள் அல்ல, கம்பும் அல்ல, கயிறுதான்.

அந்தக் கயிறு சுமார் 27 மீட்டர் நீளம், சுமார் 1 மில்லிமீட்டர் கனம். உள்ளே பின்னிய நைலான் இழை, வெளியே வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு. மிதக்கிற கயிறானால் அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றுக் குமிழிகளைக் கலந்திருப்பார்கள். அதனால்தான் மிதக்கிறது. நுனிப் பக்கம் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும். "நுனி அழுக்காயிருக்கிறது, ஒரு முழம் நறுக்கிவிட்டால் போகிறது" என்று கத்திரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். அந்த மெலிவுக்குத்தான் விலை. நல்ல கயிறு ஒன்று இன்றைக்குப் பல ஆயிரம் ரூபாய்.

இது பிளாஸ்டிக்காக மாறியது 1950-களில்தான். அமெரிக்காவில் கார்ட்லண்ட் என்ற கம்பெனி 1953-ல் பிளாஸ்டிக் பூசிய கயிற்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1961-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு நம்பர் முறை ஏற்படுத்தினார்கள். கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு எடையோ அதைக் கொண்டு நம்பர். 5-ம் நம்பர் என்றால் சுமார் 9 கிராம். அதற்கு முன்னால் எல்லாம் பட்டுத்தான். பட்டுக்கும் முன்னால் குதிரை வால் மயிர்! 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூல், குதிரை மயிருக்குச் சாயம் ஏற்றிக் கயிறு முறுக்குவதை விஸ்தாரமாகச் சொல்கிறது. பட்டுக் கயிறு இருந்த காலத்தில் அதன் நுனியில் கட்டும் நரம்பும் பட்டுப் புழுவிலிருந்துதான் வந்தது. கூடு கட்டப்போகும் தறுவாயில் இருக்கும் புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து, அப்படியே நீட்டி உலர்த்தி நரம்பாக்குவார்கள். ஸ்பெயின் தேசத்தில் மூர்ஸியா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. நாம் கட்டும் புடவைக்கும் அவர்கள் வீசும் தூண்டிலுக்கும் ஒரே புழு!

இருக்கட்டும், நம் பச்சைக் கயிற்றுக்கு வருவோம். அது கறுத்ததற்குக் காரணம் பாசியும் வண்டலும்தான். ஓடைத் தண்ணீர் பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி இருந்தாலும் அதில் நுண்ணிய பாசியும் மண்ணும் இருக்கும். அது கயிற்றில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அழுக்கு ஏறிய கயிறு கம்பில் உள்ள வளையங்கள் வழியாக வழுக்கிப் போகாது. நுனி தண்ணீரில் முழுகும். முழுகிய நுனியை வெடுக்கென்று தூக்கினால் தண்ணீர் சளப்பென்று கிழியும், மீன் ஓடிவிடும். அதோடு போகிறதா? ஒட்டியிருக்கும் மணல் துகள் அரத்தைப் போல வளையத்தையும் தேய்க்கும், கயிற்றின் பூச்சையும் தேய்க்கும்.

இனிச் சுத்தம் செய்யும் முறை. மூன்று இடம் தயார் செய்துகொள்ளுங்கள். ஓர் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடவும் குறைவாக இருக்கட்டும். அதில் முகத்துக்குப் போடும் மிருதுவான ஸோப்பைக் கொஞ்சம் கரையுங்கள். இரண்டாவது பேசினில் வெறும் தண்ணீர். மூன்றாவதாகத் தரையில் விரித்த ஒரு சுத்தமான பழைய போர்வை. இரண்டு மல் துணிகளும் வேண்டும். நுனியில் கட்டியிருக்கும் நரம்பை முதலில் கழற்றிவிடுங்கள். முள்ளை மறந்துவிட்டுக் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு.

ரீலிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்து ஸோப்புத் தண்ணீரில் தளர்ந்த வளையங்களாக விடுங்கள். வளையத்தின் மேல் வளையமாக விழட்டும். கலக்கவோ கசக்கவோ வேண்டாம். பத்து நிமிஷம் போதும். பிறகு மல் துணியை மூன்றாக மடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மேலே கிடக்கும் வளையத்திலிருந்து ஆரம்பித்துத் துணி வழியாக இழுத்து இரண்டாவது பேசினில் விடுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். "ஐயோ, சாயம் போகிறதே!" என்று பயப்பட வேண்டாம். அது பாசி. துணியின் வேறு இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இரண்டாவது பேசினிலிருந்து உலர்ந்த துணி வழியாகப் போர்வைக்கு.

"எதற்கு மூன்று இடம்? இரண்டு போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. முதல் பேசினில் கயிற்றின் நுனி அடியிலும் ரீல் பக்கம் மேலேயும் கிடக்கும். இரண்டாவதில் அது தலைகீழாகிவிடும். அங்கிருந்தே ரீலில் சுற்றப் பார்த்தால் அடியில் இருக்கும் கயிறு முதலில் வர வேண்டும். வந்தால் மேலே உள்ள வளையங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் சாயங்காலம் வரை உட்கார்ந்து சிக்கு எடுக்க வேண்டியதுதான். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது ரீல் பக்கம் மறுபடி மேலே வந்துவிடும். கம்பளி நூல் சுற்றிப் பழகிய சகோதரிகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஸோப்பை நன்றாக அலச வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்கிறேன். ஸோப்புப் படலம் கயிற்றில் தங்கினால் தண்ணீர் அதை நனைத்துவிடும். தாமரை இலை மாதிரி தண்ணீர் ஒட்டாமல் இருந்தால்தான் கயிறு நன்றாக மிதக்கும். சலவைத் தூள் ஆகாது என்றதும் இதனால்தான். அது அழுக்கோடு நிற்காது. பூச்சில் இருக்கும் வழவழப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் பிளாஸ்டிக் இளகிக் கெட்டுப்போகும்.

ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, இதற்கென்றே விற்கும் மெருகுத் தைலம் இரண்டு சொட்டுத் துணியில் விட்டுக் கயிறு முழுதும் தடவி, சற்று நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடலாம். அது கிடைக்கவில்லையென்றால் சும்மா இருங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், நகச் சாயம் அழிக்கும் திரவம், இவற்றின் காற்றுக்கூடப் படக் கூடாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கொசுக்கடிக்காகக் கையில் தடவிக்கொள்ளும் களிம்புகளில் பலவற்றில் 'டீட்' என்ற ரசாயனம் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. கொசு மருந்து தடவிய கையோடு கயிற்றைத் தொட்டால் பூச்சு இளகி ஒட்ட ஆரம்பிக்கும். மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் இதே கதிதான். வெயிலுக்குத் தடவும் களிம்பும் கயிற்றுக்கு நல்லதல்ல.

சுருள் விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். நீளமான தாழ்வாரத்தில் ஒருவர் ஒரு முனையையும் மற்றொருவர் இன்னொரு இடத்தையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை வைத்திருந்தால் சுருள் விட்டுவிடும். சிறிய ரீலில் மாதக் கணக்கில் இறுக்கிச் சுற்றி வைப்பதால் வரும் கோளாறு இது. மீன் பிடிக்காத மாதங்களில் கயிற்றை ரீலிலிருந்து எடுத்து அகலமான வளையங்களாகத் தளர்த்திக் கட்டி, வெயிலும் சூடும் படாத இடத்தில் மாட்டி வைப்பது உத்தமம். காருக்குள் போட்டு வைக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்யும்போதே கயிற்றை விரல் மேல் வளைத்து வளைத்துப் பாருங்கள். மேல் பூச்சில் வெடிப்பு இருந்தால் வாய் திறக்கும். வெடிப்பு வழியாக உள்ளே இருக்கும் இழை தண்ணீர் குடிக்கும். அப்புறம் எத்தனை மெருகு போட்டாலும் அந்த இடம் முழுகத்தான் செய்யும். நுனியில் ஒரு சில அங்குலம் மட்டும் வெடித்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் காட்டிச் சரி செய்துகொள்ளலாம். நெடுகிலும் வெடித்திருந்தால் அதன் ஆயுசு முடிந்தது என்று பொருள். அதை ஓடைக் கரையிலோ குப்பையிலோ வீச வேண்டாம். பறவைகளின் காலில் சிக்கிக்கொள்ளும். துண்டு துண்டாக நறுக்கிவிட்டுப் போடுங்கள்.

பட்டுக் கயிற்றின் கதை இன்னும் நுட்பமானது. பட்டு தண்ணீரைவிடக் கனம். தானாக மிதக்காது. பின்னிய பட்டில் ஆளிவிதை எண்ணெயை ஏற்றி, உலர்த்தி, மெருகிட்டுக் கயிறாக்குவார்கள். மீன் பிடிக்கப் போகும்போது அதன் மேல் கொழுப்பு மெழுகு தடவினால்தான் மிதக்கும். வீடு திரும்பியதும் ரீலிலிருந்து முழுவதையும் அவிழ்த்து, மரச் சட்டத்தில் சுற்றியோ நாற்காலி முதுகில் போட்டோ உலர்த்தியாக வேண்டும். ஒரு நாள் சோம்பினால் பூஞ்சக்காளான் பிடிக்கும், பட்டு இற்றுப் போகும். அந்தக் காலத்தில் இந்தச் சிசுருஷை எல்லாம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

உங்கள் கயிறு ஒட்டுகிறதென்றால் அந்தப் பழைய எண்ணெய்ப் பூச்சு கெட்டுவிட்டது என்று அர்த்தம். மேல்நாட்டில் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பூச்சைக் கழற்றி, மறுபடியும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் உலரவிட்டுப் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காரம் பட்டுக்குச் சத்துரு என்பது பட்டுப் புடவை கட்டும் நமக்குத் தெரியாதா? அளவு தெரியாமல் செய்தால் பூச்சோடு பட்டும் போகும். எண்ணெய் பூசுவதில் இன்னொரு அபாயமும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடாகித் தீப்பற்றக்கூடும். கதையல்ல, நிஜம். அப்படிப்பட்ட துணியை வெளியே பிரித்து விரித்து உலர்த்த வேண்டும். அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். மர அலமாரிக்கு எண்ணெய் பூசுகிறவர்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் பலத்தைச் சோதியுங்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நுனியில் ஒரு முழத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நூல் மாதிரி அறுந்தால் அது தண்ணீருக்குப் போகிற கயிறு அல்ல. அறாவிட்டாலும் இத்தனை வருஷப் பட்டை நம்பிப் பேத்தி ஒரு மீனை இழுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் அபிப்பிராயம் இதுதான்: பட்டுக் கயிற்றைத் தூண்டிலாக நினைக்காதீர்கள். ஈரமில்லாத மல் துணியால் ஒரு முறை மெல்லத் துடைத்து, ரீலிலிருந்து கழற்றி, பெரிய வளையமாகத் தளர்த்தி, வெள்ளை மஸ்லின் துணியில் பொதிந்து அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். அது அவருடையது. பச்சைக் கயிறு பேத்திக்கு.

இதை அத்தை ஊரில் இல்லாதபோது செய்யக் கூடாது என்றேனே, அதுதான் என் பதிலில் முக்கியமான பகுதி. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது தெரிகிறது. திரும்பி வந்து பார்க்கும்போது பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அந்தக் கயிற்றில் இருக்கும் அழுக்கு உங்களுக்குப் பாசி. அவருக்கோ, தன் கணவர் கடைசியாக ஓடைக்குப் போய் வந்த நாள். அதை அவர் இல்லாத நேரத்தில் அலசிச் சாக்கடையில் விட்டால் எந்த ஸோப்பாலும் சமாதானம் செய்ய முடியாது. "அத்தை, இது இப்படியே இருந்தால் வெடித்துப் போய்விடுமாம். நீங்கள் சொன்னால் சுத்தம் செய்து வைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாட்டேன் என்றால் ஒரு மாதம் விட்டு மறுபடி கேளுங்கள். சரி என்றால், கயிற்றைச் சுற்றும்போது ரீலை அவர் கையில் கொடுங்கள். ஒருவர் துடைக்க ஒருவர் சுற்ற வேண்டிய வேலைதானே இது? எத்தனையோ தடவை அவர் பார்த்திருப்பார். உங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"பெண் பிள்ளைக்கு எதற்கு மீன் தூண்டில்?" என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஜோன் வுல்ஃப் என்ற அம்மாள் 1951-ல் நடந்த ஒரு தூர வீச்சுப் போட்டியில் தம்மோடு போட்டியிட்ட ஆண்கள் அத்தனை பேரையும் ஜயித்தார். 1960-ல் 161 அடி தூரம் வீசினார். ஸ்காட்லாந்தில் மெகன் பாய்ட் என்ற அம்மாள் ஆயுள் முழுவதும் தூண்டில் ஈக்கள் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸும் அவரிடம் வாங்கியவர். 1971-ல் அரசாங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அவர் விழாவுக்கே போகவில்லை! இத்தனைக்கும் அவர் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை, கொல்ல மனம் வராது என்பார். இந்தத் தகவலைச் சாப்பாட்டு வேளையில் யதேச்சையாகச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள்.

நீலகிரிக்கு டிரவுட் மீன் தானாக வந்ததல்ல. 1863-ல் பிரான்ஸிஸ் டே என்ற ராணுவ டாக்டர் இங்கிலாந்திலிருந்து கொண்டு வர முயன்றார், பலிக்கவில்லை. பிற்பாடு 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்த பிறகே இங்கே நிலைத்தது. இங்கே இருப்பது வானவில் டிரவுட். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் பிழைக்கும். ஆகவே பேத்தி போகும் முன் எங்கே பிடிக்கலாம், எந்த மாதத்தில் பிடிக்கலாம் என்று உரிய அதிகாரிகளிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். பிடித்ததை ஈரக் கையோடு மெல்ல முள் நீக்கித் தண்ணீரில் விட்டுவிடும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. உலர்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் கொழகொழப்புப் படலம் உரிந்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை சுத்தம் செய்வது? ஓடைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. நாலைந்து தடவை போய் வந்த பிறகு ஒரு ஸோப்புக் குளியல். நீச்சல் கற்கும் குழந்தை மாதிரி ஈரத்தோடு மூட்டை கட்ட விடாதீர்கள். போர்வையில் கயிறு கிடக்கும்போது யாரும் செருப்புக் காலோடு குறுக்கே நடக்க வேண்டாம், பூனையை அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். கயிறு துடைத்த மல் துணியைச் சமையலறைத் துணியோடு போடாமல் தனியாக அலசி உலர்த்தி, மடித்து ரீல் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.